நான் கூப்பிட்டால் வரும் முதலை

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு முதலை என்னிடம் வரும் என்று பதினோரு வருடம் நம்பியவன் நான். நம்பியதோடு நிற்கவில்லை. புத்தூர் பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போதுகூட, கேட்காதவர்களிடம் வலியப் போய்ச் சொல்லியிருக்கிறேன். அதனால், மிருகக் காப்பாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டபோது, கேட்டவர்களுக்கு என் பழைய கதை தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன். தெரிந்துதான் கேட்டார்களாம்.

பயிற்சி நாளில் உங்களில் ஒரு பெண் எழுந்து, "சார், முதலையப் பழக்க முடியுமா?" என்று கேட்டாள். நான் தொண்டையைக் கனைத்தேன், தண்ணீர் குடித்தேன், மதியச் சாப்பாட்டுக்கு மணியாகிவிட்டது என்றேன். அப்போது மணி பதினொன்றேகால். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இது. தொட்டி கழுவுவது, மருந்து கலப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் உங்களுக்கு ஒரு மாதத்தில் கைவந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. தப்பு செய்வதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

அப்போது நான் வேலை பார்த்தது நீங்கள் சேர்ந்திருக்கும் இந்தப் பெரிய இடத்தில் அல்ல. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் இருந்த ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை. மான், மயில், குரங்கு, ஆமை, நாலு முதலை, அவ்வளவுதான். நேர்முகத் தேர்வில் "எந்த மிருகத்தோடு வேலை செய்ய விருப்பம்?" என்று கேட்டார்கள். மான் என்று சொல்ல நினைத்துப் போனவன், அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் "எதுன்னாலும் சரி சார்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பவ்வியத்துக்குக் கிடைத்த பரிசு முதலைக் குளம்.

குளத்தில் மூன்று பெண், ஒரு ஆண். ஆண் முதலை பத்தடி இருக்கும். நாள் முழுக்கக் கரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு, யார் வந்தாலும் ஏறெடுத்துப் பார்க்காமல் கிடக்கும். அந்தத் தோரணைக்காக அதற்குத் துரை என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததில் தப்பில்லை. பெயர் வைத்த பிறகு அதை உறவுக்காரன் போல நினைக்க ஆரம்பித்தேனே, அங்கேதான் சறுக்கல்.

எங்கள் இடத்தில் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, தீனியைக் குளத்தோரத்து உயரமான மேடையின் மேலிருந்து எறிய வேண்டும். ஒரே இடத்தில் எறியக் கூடாது, சத்தம் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, குளத்துக்குள் சுத்தம் செய்ய இறங்கும் முன் தலை எண்ண வேண்டும். இறங்குபவர் ஒருவர், முதலையைத் தடுக்கப் பலகையும் கழியும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் ஒருவர். இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் நாலு என்றால்தான் கதவு திறக்கும். ஒருவர் மூன்று என்றால் அந்த நாலாவது தலை மேலே வரும் வரை வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். முதலை தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பொறுமையாக இருக்கும். நமக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதற்காகத்தான் விதி.

முதல் விதியை நான் உடைத்தது அன்பினால் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். குளத்துக்கு இறங்கும் சிமெண்டுப் படிகளில் இரண்டாவது படி வரைக்கும் போய், இரும்புப் பக்கெட்டை மூன்று முறை படியில் தட்டி, "தொரே, வா நைனா" என்று கூப்பிடுவேன். முதல் மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் வந்தது. பிறகு நான் வாயைத் திறந்ததும் எதிர்க்கரையிலிருந்து நேராக வந்து, படிக்கு அடியில் தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு காத்திருக்கும். கோழியைப் போட்டால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் சொந்த மகன் மூன்று தடவை கூப்பிட்டாலும் செல்போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அந்த வருத்தத்தை ஒரு முதலை தீர்த்துவைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூட ஆரம்பித்தது. மலைக்குப் போய்த் தரிசனம் முடித்து, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். "தொரே" என்று நான் கூப்பிட, அது வர, அவர்கள் கை தட்டுவார்கள். யாரோ ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்து, தெலுங்கில் 'மொசலி மித்ருடு' என்று தலைப்பு போட்டு அனுப்பிவிட்டார். முதலையின் நண்பன். அந்த வீடியோ சுற்றிச் சுற்றி எனக்குச் சம்பந்தியாகப் போகிறவர் வீட்டு வாட்ஸ்அப்பிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு நான் நடக்கிற நடையே மாறிவிட்டது என்று என் மனைவி சொல்வாள். சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொள்ள ஆரம்பித்தது அந்த வருடம்தான்.

எங்கள் கால்நடை மருத்துவர் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார். சித்தூர்ப் பெண். என் மகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். இந்த வேலையில் எனக்குக் குரு என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்வேன். ஆனால் அவர் சொன்ன எதையும் சொன்ன நேரத்தில் நான் கேட்டதில்லை.

தை மாதத்தில் மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு போட்டேன். திரும்பி வந்து கூப்பிட்டால், துரை அசையவில்லை. வெயிலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கோழியை மூக்குக்கு நேரே எறிந்தும் தொடவில்லை. சொல்லாமல் போய்விட்டேன் என்று கோபம், வேறென்ன? நான் மேடையில் உட்கார்ந்து, கல்யாணம் எப்படி நடந்தது, நகரியிலிருந்து யார் யார் வந்தார்கள், பந்தியில் என்ன குறை என்று அதற்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் மன்னிப்பும் கேட்டேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் டாக்டரம்மா நின்றுகொண்டிருக்கிறார்.

"நடேசன் காரு, அது குளிர்" என்றார். "குளிர் நாள்ல அதுக்குச் செரிக்காது. அதனால துன்னாது. உங்க மேல கோவம்லாம் இல்ல."

"உங்களுக்குத் தெரியாதும்மா. இது என்னோட பழகின பிராணி."

அவர் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார். "பழகுறது வேற, வளர்ப்பா மாறுறது வேற. மாடு, நாய்லாம் எத்தனையோ தலைமுறை மனுஷன்கூட இருந்து, சாதுவானதைப் பார்த்துப் பார்த்து வளத்து, அப்டி மாறினது. இது மாறல. எந்தச் சத்தத்துக்கு எங்க போனா தீனி கிடைக்கும்னு கத்துக்கும். நல்லாவே கத்துக்கும். அதுக்கு மேல நீங்க ஒண்ணும் எதிர்பாக்காதீங்க. அந்தப் படில எறங்காதீங்க."

நான் பெரிய மனது பண்ணித் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய், "புஸ்தகத்துல படிச்சிட்டு வந்துகினு நமக்குப் பாடம் எடுக்குது" என்றேன். என் மனைவி அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல துன்னலன்னு மன்னிப்பு கேட்டியா? எனுக்கு ஜொரம் வந்து நாலு நாள் கெடந்தேனே, ஒரு வேளையாவது துன்னியான்னு கேட்டுகிறியா?"

மறுநாளும் இரண்டாவது படியில் நின்று பக்கெட்டைத் தட்டினேன்.

இனி முனெம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துப்புரவுப் பணியாளர். கங்காதர நெல்லூர்ப் பக்கத்து ஊர். ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவள், அதனால் எந்த நாளும் வேலை போகலாம் என்ற நிலையில் இருந்தவள். கணவர் இல்லை. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். தெலுங்கும் தமிழும் அவளுக்கு ஒன்றுதான், ஒரு வாக்கியத்தை எதில் ஆரம்பித்தாளோ அதில் முடிக்க மாட்டாள். குளத்தில் இறங்கி, பார்வையாளர்கள் எறிந்த பாட்டில்களையும் சிப்ஸ் பாக்கெட்டுகளையும் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. பலகை பிடித்து நிற்பது என் வேலை. ஆரம்பத்தில் இரண்டு பேரும் எண்ணுவோம். பிறகு எப்போதோ அவள் எண்ணிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். "அண்ணா, நாலா?" என்று மட்டும் கேட்பாள். நான் நாலு என்றால் கதவைத் திறப்பாள். ஏன் நிறுத்தினாள் என்று நான் கேட்கவில்லை. என் மேல் உள்ள நம்பிக்கை என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அதுவும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றைக்குக் குப்பம் என்ற ஊரிலிருந்து கல்லூரி மாணவர்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். விலங்கியல் மாணவர்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்க்க வேண்டும் என்றார்களாம். எட்டாவது வரை படித்த எனக்கு இது போதாதா? மேடையில் நின்று முதலையின் மனத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் ஆரம்பித்தேன். முதலைக்கு நன்றி உண்டு, முதலைக்கு முகம் தெரியும், நாம் பயப்படுவதால்தான் அது கடிக்கிறது என்றெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். ஒரு மாணவன் நோட்டில் எழுதிக்கொண்டான். அந்த நோட்டை அவன் தொலைத்திருக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.

கீழே கதவோரம் முனெம்மா பக்கெட்டோடு வந்து நின்றாள். "அண்ணா, நாலா?"

நான் குளத்தைப் பார்த்தேன். மணலில் இரண்டு. பாறையோரம் ஒன்று. துரையைக் காணோம்.

இந்த இடத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், அவளோடு வெளியே காத்துக் கிடந்திருக்க வேண்டும். மாணவர்கள் கலைந்து மான்களைப் பார்க்கப் போயிருப்பார்கள். அவ்வளவுதான். அதைத் தவிர ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் காணாமல் போனது வேறு முதலையாக இருந்திருந்தால் மூன்று என்றுதான் சொல்லியிருப்பேன். காணாமல் போனது துரை. நம்ம பிள்ளை. அது என்ன செய்துவிடும்?

"நாலு" என்றேன்.

முனெம்மா கதவைத் திறந்து இறங்கினாள். நான் பக்கத்தில் பலகையோடு இருக்க வேண்டியவன், மேடையில் இருந்தபடியே "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடர்ந்தேன். அவள் இரண்டாவது படியில் பக்கெட்டை வைத்தாள். 'டங்' என்று சத்தம் கேட்டது.

பதினோரு வருடம் நான் கற்றுக்கொடுத்த பாடத்தைத் துரை அப்படியே ஒப்பித்தது. தண்ணீர் பிளந்தது தெரிந்தது, முதலை தெரியவில்லை. முனெம்மா உட்கார்ந்த நிலையில் ஒரு படி கீழே போயிருந்தாள். அவளுடைய இடது கால் அதன் வாயில் இருந்தது.

நெருக்கடி நேரத்தில் அனுபவம் கைகொடுக்கும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கு என்ன கைகொடுத்தது என்று கேளுங்கள். ஏணியில் விழுந்தடித்து இறங்கி, படிக்கு மேலே நின்று, கையை நீட்டி, "தொரே! விடு! விடுடா!" என்று அதட்டினேன். வீட்டு நாய் செருப்பைக் கவ்விக்கொண்டு போனால் எப்படிச் சொல்வோமோ அப்படி. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. நடுவில் ஒரு தடவை "நைனா" என்றுகூடச் சொன்னேன். கழியும் பலகையும் என் முழங்காலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தன.

கீழே இருந்து முனெம்மாதான் சொன்னாள். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "பேரு சொல்லிக் கூப்டாத அண்ணா. கட்டய எடு."

அப்போதுதான் கழியை எடுத்தேன். அதன் மூக்கின் மேல் என் பலம் கொண்ட மட்டும் குத்தினேன். துரை உருண்டது. இரையைக் கவ்வினால் முதலை அப்படி உருளும், உருண்டால் கால் முறுக்கிக்கொண்டு போயிருக்கும். போகாததற்குக் காரணம் நான் அல்ல. எங்கள் இடத்தில் பெண்களுக்கு அளவான பூட்ஸ் வாங்கித் தருவதில்லை. முனெம்மா போட்டிருந்தது ஆண்கள் பூட்ஸ், உள்ளே துணி திணித்து நடப்பாள். துரை உருண்டபோது பூட்ஸ் அதோடு போய்விட்டது, கால் வெளியே வந்துவிட்டது. பலகையை நடுவில் செருகி அவளை மேலே இழுத்தேன். இரண்டு விரல்கள் பூட்ஸோடு போய்விட்டன. கணுக்காலில் எலும்பு தெரிந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க டாக்டரம்மா வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பொறுப்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல. வேலைச்சுமை அதிகம், மேலிடத்துக்கு ஒரு காகிதம் அனுப்பியாக வேண்டும். அதை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். பணியாளர் தலை எண்ணாமல் தானாகவே உள்ளே இறங்கியதால் விபத்து நேர்ந்தது, காப்பாளர் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும்.

"அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?" என்று கேட்டேன்.

"கான்ட்ராக்டர் ஆள மாத்திடுவாரு. அது அவுரு பாடு. நாம இன்னா பண்ண முடியும்?"

கையெழுத்துப் போட்டேன். பேனா நின்றுவிட்டது, உதறிவிட்டு மறுபடியும் போட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நான் உங்களுக்கும் "நாலு" என்று சொன்னதாகிவிடும்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா என்னை முதலைக் குளத்துக்கு வரச் சொன்னார். மேடையில் நிறுத்தினார். துரை எதிர்க்கரையில், ஒன்றும் நடக்காதது போல, கிடந்தது.

"கூப்பிடுங்க நடேசன் காரு. பக்கெட் இல்லாம, பேரு மட்டும் சொல்லி."

கூப்பிட்டேன். சாதாரணமாகக் கூப்பிட்டேன், செல்லமாகக் கூப்பிட்டேன், கடைசியில் கெஞ்சினேன். எதிர்க்கரையில் ஒரு கொக்குதான் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு டாக்டரம்மா சுவருக்குப் பின்னால் போனார். அங்கே நின்றால் அவர் துரையின் கண்ணில் பட மாட்டார். ஒரு காலிப் பக்கெட்டைக் கயிற்றில் கட்டி இரண்டாவது படிக்கு இறக்கி, மூன்று தடவை தட்டினார். துரை எழுந்தது. நேராக வந்தது. படிக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு காத்திருந்தது. பதினோரு வருடமாக எனக்காகக் காத்திருந்த அதே இடத்தில், அதே மாதிரி.

அவர் திரும்பி வந்து என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அது ஒண்ணும் தப்பு பண்ணல" என்று மட்டும் சொன்னார். பக்கெட்டை மேலே இழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். "அன்னைக்கி நெஜமாவே நாலு எண்ணினீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. நேராக அதிகாரியின் அறைக்குப் போனேன். காகிதம் இன்னும் போகவில்லை, தபால் பையில் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்டேன். மூன்றைப் பார்த்துவிட்டு நாலு என்று சொன்னேன், பக்கெட்டைத் தட்டித் தட்டி முதலையைப் படிக்குப் பழக்கியதும் நான்தான், பலகை பிடிக்காமல் மேடையில் நின்றதும் நான்தான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். மூன்று இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது என்று அதிகாரி பிறகு சொன்னார். அவர் அதைப் படித்து முடித்துவிட்டு, "ஒனக்கு இன்னும் எத்தினி வருசம் சர்வீசு கீது?" என்று கேட்டார். சொன்னேன். "ஆமப் பக்கம் போய்டு" என்றார்.

இப்படியாக, முதலையின் நண்பன் ஆமைகளுக்குக் கீரை நறுக்கப் போனான். அங்கேயும் ஒரு வாரம் பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பழக்க தோஷம்.

முனெம்மாவின் வேலை போகவில்லை. கால் ஆறியதும் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் உட்கார வைப்பதாக ஏற்பாடாயிற்று. அந்தச் செய்தியை நான்தான் போய்ச் சொல்வேன் என்று அடம்பிடித்து, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் கொஞ்சம் பெருமிதம் இருந்தது. பெரிய தியாகம் செய்துவிட்டவன் போன்ற ஒரு மிதப்பு. முதலை நண்பன் போய்விட்டான், இப்போது நேர்மையான மனிதன் வந்திருக்கிறான். பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன்.

"முனெம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி நான் எண்ணினப்போ மூணுதான் இருந்திச்சி. தெரிஞ்சேதான் நாலுன்னேன். எல்லாத்தயும் எழுதிக் குடுத்துட்டேன். நீ என்ன மன்னிக்கணும்."

அவள் பழச்சுளையை வாயில் போட்டு, கொட்டையைக் கையில் துப்பிக்கொண்டு சொன்னாள். "மூணுதான். நானும் எண்ணினேன்."

எனக்குப் புரியவில்லை. "நீ எண்ணினியா?"

"தினமும் எண்ணுவேன் அண்ணா. ஒரக்கச் சொல்ல மாட்டேன், அவ்ளோதான். மணல்ல ரெண்டு, பண்ட கிட்ட ஒண்ணு."

பண்ட என்றால் தெலுங்கில் பாறை.

"அப்றம் ஏன் எறங்கின?"

அவள் கொட்டையை ஜன்னலோரம் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

"மொத வருசம் ஒரு நாளு நான் மூணுன்னேன், நீ நாலுன்ன. கடசில நாலாவது பண்டக்கிப் பின்னால இருந்திச்சி. நீ கேன்டீன்ல எல்லார் எதுருலயும் சொல்லிச் சிரிச்ச. நாலு வரக்கும் எண்ணத் தெரியாதவள என் தலைல கட்டிகினாங்கன்னு. ஒரு வாரம் எல்லாரும் என்ன 'மூணு'ன்னுதான் கூப்டாங்க. ஞாபகம் கீதா?"

ஞாபகம் இல்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் கேன்டீனும், எல்லோரும் சிரித்ததும், டீ கிளாஸோடு அவள் எழுந்து வெளியே போனதும் மங்கலாக வந்தன. எனக்கு அது ஒரு நாள் வேடிக்கை.

"அதுக்கப்றம் எனுக்கு எத்தினி தெரிஞ்சாலும் உன்னக் கேப்பேன். அன்னைக்கும் மூணு தெரிஞ்சிச்சி. நீ நாலுன்ன. மொசலி பத்தி உனுக்குத் தெரியாததா எனுக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு கதவத் தெறந்துட்டேன்."

பெரிய பெண் உள்ளே வந்து அம்மாவின் தலையணையைச் சரிசெய்தாள். என்னைப் பார்த்து, "மாமா, டீ வாங்கினு வரட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

ஆகவே, முதலையைப் பழக்க முடியுமா என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு என் பதில் இது. பதினோரு வருடம் முயன்றும் துரையிடம் எதையும் என்னால் மாற்ற முடியவில்லை. முனெம்மாவைப் பழக்க எனக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. தன் கண்ணால் பார்த்ததை நம்பாமல், நான் சொன்னதை நம்பி இறங்கும் அளவுக்கு அவளைப் பழக்கிவிட்டேன்.

நாளைக்கு நீங்கள் குளத்தருகே போவீர்கள். உங்களைவிட இருபது வருடம் மூத்தவர் ஒருவர் மேலே நின்று நாலு என்பார். உங்கள் கண்ணுக்கு மூன்றுதான் தெரிந்தால், மூன்று என்று உரக்கச் சொல்லுங்கள். அவர் சிரித்தாலும் சொல்லுங்கள்.